காலுறைக்குப் பத்தொன்பது நிமிடம்

எஸ்பியர்க் நகராட்சியின் மூன்றாம் மாடியில்
எனக்கொரு ஜன்னல், ஒரு திரை, ஒரு பட்டியல்.
வீடு தேடிப் போகும் பணியாளர்கள்
உள்ளே என்ன செய்யலாம், எவ்வளவு நேரம் செய்யலாம் என்று
வரி வரியாக எழுதியவன் நான்தான்.

குளிப்பாட்ட, பதினெட்டு.
கண்ணுக்குச் சொட்டு மருந்து, மூன்று.
குப்பைப் பையை வெளியே வைக்க, இரண்டு.
அழுத்தக் காலுறை மாட்டிவிட, ஆறு.

சும்மா எழுதவில்லை.
நாற்பது வீடுகளில் நிறுத்தக் கடிகாரத்தோடு
சுவரோடு சுவராக நின்று எண்ணினேன்.
அவர்களைப் பற்றி எண்ணினேனா என்றால்,
அதற்கும் பதில் வைத்திருந்தேன்:
முன்பெல்லாம்
சிரிக்கத் தெரிந்தவர் வீட்டில் காபி ஆறும்வரை இருப்பார்கள்,
சிடுசிடுப்பவர் வீட்டில் மேலங்கியைக்கூடக் கழற்ற மாட்டார்கள்.
எண் முகம் பார்க்காது.
அதை அறம் என்று நம்பினேன்.
இப்போதும் பாதி நம்புகிறேன்.

மூன்றாம் ஆண்டு அறிக்கையில் ஒரு வீக்கம்.
காலுறை: சராசரி பத்தொன்பது நிமிடம்.
ஊர் முழுக்க அல்ல,
துறைமுகத்தை ஒட்டிய நான்கு தெருக்களில்,
நானூற்றுப் பதினேழாம் எண் பணியாளர்
போய்வரும் வீடுகளில் மட்டும்.

காலுறையில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றும்.
எனக்கும் தோன்றியது.
இறுக்கமான ரப்பர், ஈரம் காயாத குதிகால் என்று
காரணம் அடுக்கிக் கொள்முதல் பிரிவுக்கு எழுதினேன்.
விபேகே என்றொரு வடிவமைப்பாளரை அனுப்பினார்கள்.
கெட்டிக்காரர், நல்லவர்.
தன் காலிலேயே இருநூறு முறை மாட்டிப் பார்த்து
ஒரு கருவி செய்தார்:
வழவழப்பான நீல வளைவு, இரண்டு கைப்பிடிகள்.
காலை நீட்டி இழுத்தால்
உறை தானாக ஏறிக்கொள்ளும்.
ஆளே வேண்டாம்.

முதல் கருவியை நானே எடுத்துப் போனேன்,
தோர்கில் வீட்டுக்கு.
கப்பல் பட்டறையில் இரும்பைப் பற்றவைத்தவர்,
ஐம்பத்தெட்டு வயது,
முழங்காலுக்குக் கீழே ஆறாத புண்.
நானூற்றுப் பதினேழு அங்கே இருந்தாள்.
ஸோல்வை என்று பெயர்.
காலுறை எப்போதோ மாட்டியாயிற்று.
அவள் தரையில் சம்மணமிட்டிருக்க
அவர் பேசிக்கொண்டிருந்தார்,
விலாங்கு விற்கும் விலையைப் பற்றி,
பிறகு எதைப் பற்றியும் இல்லாமல்,
பிறகு பேசாமல்.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன்,
இதை ஏன் காலுறைக் கணக்கில் எழுதுகிறாய்?

வேறெதில் எழுதட்டும், என்றாள்.
உங்கள் பட்டியலில்
அளவளாவ ஓர் அளவு இல்லையே.
இருப்பதில் இழுத்தால் நீள்வது
காலுறை ஒன்றுதான்.

அன்றிரவு ஒரு புது வரி சேர்த்துப் பார்த்தேன்.
பேச்சு, பதின்மூன்று.
திரையில் அது
குப்பைப் பைக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவே நின்றது.
பதினான்காம் நிமிடத்தில்
வாக்கியத்தின் பாதியில் எழுந்து போகிறவளை நினைத்தேன்.
பேச விரும்பாதவர் முன்னால்
பதின்மூன்றும் தீரட்டும் என்று காத்திருப்பவளை நினைத்தேன்.
அழித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் தோர்கில்.
அந்த நீலச் சனியன் என் கைக்குப் படியவில்லை, என்றார்.

மயிரிழை பிசகாமல்
கப்பல் வயிற்றுக்குத் தையல் போட்ட கைகள்.
இரண்டு கைப்பிடிகள் படியவில்லையாம்.

படிவத்தைத் திறந்தேன்.
கருவியை இயக்கும் திறன்: உண்டு, இல்லை.
வெகுநேரம் சுட்டியைப் பிடித்தபடி இருந்தேன்.
பிறகு
இல்லை என்ற கட்டத்தில் அழுத்தினேன்.

ஸோல்வை திரும்பப் போகிறாள், செவ்வாயும் வெள்ளியும்.
ஆனால் நான் இட்ட குறி
அவர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.
அடுத்த ஆண்டு வேறொரு மாடியில், வேறொரு திரையில்
யாரோ அதைப் படிப்பார்,
கை விளங்காத மனிதர் என்று வருந்துவார்,
அந்தக் கைக்கு என்ன செய்யலாம் என்று
வரையத் தொடங்குவார்.
கெட்டிக்காரராக இருப்பார்.
நல்லவராகவும்.